கருத்துக் கேட்டார்கள், சொன்னோம்... அப்புறம்?

நடைபாதை எழுதியது:

ஒரு சந்தேகம், கொஞ்சம் எரிச்சலோடு.

எங்கள் தெருவை மாற்றி அமைக்கப்போவதாக உள்ளாட்சி மன்றத்திலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. வண்டி நிறுத்தும் இடத்தைக் குறைப்பது, நடைபாதையை அகலமாக்குவது, மரம் வைப்பது, இதுதான் திட்டம். தலைப்பில் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பெரிய எழுத்து. மொத்தம் 14 கேள்விகள். எந்த வகை மரம், இருக்கை கல்லா மரமா, விளக்குக் கம்பம் எவ்வளவு உயரம் என்றெல்லாம் விசாரித்திருந்தார்கள். இந்த மாற்றமே வேண்டுமா என்ற கேள்வி மட்டும் இல்லை.

நான் திட்டத்துக்கு எதிரி இல்லை. நடைபாதை அகலமானால் முதலில் சந்தோஷப்படும் ஆள் நான். ஆனாலும் வீட்டைக் கட்டி முடித்துவிட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்று கேட்பதுபோல் இருந்தது.

சரி என்று உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்துக்கும் போனேன். சுவரில் பெரிய வரைபடம், கையில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு. 'இங்கே தண்ணீர் தேங்குகிறது', 'இந்த முனையில் சக்கர நாற்காலி ஏறாது' என்று எழுதி ஒட்டினோம். எட்டு மாதம் ஆயிற்று. ஒரு வரி பதில் இல்லை. போன வாரம் பார்த்தால் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளவெடுக்கிறார்கள்.

நாம் சொல்வது உண்மையிலேயே எங்காவது போய்ச் சேருகிறதா? உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழையகோப்பு எழுதியது:

போய்ச் சேருகிறது. பரணுக்கு.

இதற்குக் கண்துடைப்பு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க அம்மையார் 1969லேயே இதை ஓர் ஏணியாகப் போட்டுக் காட்டிவிட்டார். எட்டுப் படிகள். அடியில் உள்ள இரண்டும் மக்களைக் கையாள்வது, அவர்களைச் 'சரிசெய்வது'. அவற்றைப் பங்கேற்பு என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் மூன்று: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, வாயை அடைக்க ஓரிரு இடம் கொடுப்பது. இந்த மூன்றும் பேருக்குத்தான். மேல் மூன்று படிகளில்தான் அதிகாரம் கொஞ்சமாவது கை மாறுகிறது.

கருத்துக் கேட்பு நான்காவது படி. அரை நூற்றாண்டு தாண்டியும் நாம் அதே படியில் நின்றுகொண்டு ஒட்டுச்சீட்டு ஒட்டுகிறோம்.

மேசைக்குப்பின்னால் எழுதியது:

பழையகோப்பு சார், பரண் என்பது கொஞ்சம் அநியாயம். ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் 12 வருடம் நான் பார்த்த வேலையே இதுதான். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

வந்த தாள்கள் முதலில் இரண்டாகப் பிரியும். குறியிட்டுப் பதில் சொன்ன பகுதி ஒரே நாளில் எண்ணிக்கையாகிவிடும். கையால் எழுதிய பகுதிதான் வேலை. முதல் நூறு தாளைப் படித்து, எதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்துத் தலைப்புகள் போடுவோம்: வண்டி நிறுத்தம், வடிகால், வெளிச்சம், பாதுகாப்பு, இப்படி. அப்புறம் ஒவ்வொரு தாளையும் வாக்கியம் வாக்கியமாக உடைத்து அந்தந்தத் தலைப்பின் கீழே போடுவோம். நடைபாதை எழுதிய இரண்டு பக்கமும் ஏழெட்டுத் துண்டாகியிருக்கும். எதிலும் அடங்காதது 'மற்றவை'க்குப் போகும். அது பெரிய பள்ளம். நல்ல யோசனைகள் பல அதில்தான் விழும். நல்ல யோசனை பெரும்பாலும் ஒரே ஒருவர் சொல்வது, தலைப்பு போடும் அளவுக்கு அது திரும்ப வராது.

பிறகு அறிக்கை. எண்பது பக்கம், அதற்கு இரண்டு பக்கச் சுருக்கம். மன்றக் கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் நிகழ்ச்சி நிரலோடு பின்னிணைப்பாகப் போகும். அதே கட்டில் வேறு பத்து விஷயம் இருக்கும். உறுப்பினர்கள் சுருக்கத்தைப் படிப்பார்கள். ஒருசிலர் மட்டும் 'என் வட்டாரத்து ஆட்கள் என்ன எழுதினார்கள், மூலத்தைக் காட்டு' என்று வந்து உட்காருவார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நான் பார்த்தவரை யாரும் வேண்டுமென்று குப்பையில் போடவில்லை. நடப்பது வேறு. கருத்து வந்து சேரும்போது பொறியாளர் வரைபடத்தை முடித்திருப்பார். ஒதுக்கிய பணத்தை அந்த நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டியிருக்கும். டெண்டர் தேதியும் குறித்தாகியிருக்கும். அந்த நிலையில் மாற்ற முடிவது மரமும் இருக்கையும் மட்டும்தான். அதனால்தான் உங்கள் கேள்வித்தாளில் மரமும் இருக்கையும் வந்திருக்கின்றன.

பதில் வராததற்குக் காரணம் இன்னும் அற்பமானது. கருத்துக் கேட்க ஆளும் பணமும் ஒதுக்குவார்கள், பதில் சொல்ல ஒதுக்க மாட்டார்கள். அறிக்கை மன்றத்துக்குப் போன மறுநாளே எங்கள் குழுவை அடுத்த திட்டத்துக்குத் தூக்கிவிடுவார்கள்.

நடைபாதை எழுதியது:

இதைப் படித்ததும் கோபம் குறைந்ததா கூடியதா என்றே தெரியவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் ஒரே கடிதத்தை நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அது ஒன்றாக எண்ணப்படுமா, நூறாகவா?

மேசைக்குப்பின்னால் எழுதியது:

இடத்துக்கு இடம் மாறும். நாங்கள் இரண்டையும் எழுதுவோம்: 'இத்தனை பேர் கையெழுத்திட்ட ஒரே வாசகம்'. எண்ணிக்கையைப் பார்த்து உறுப்பினர் பயப்படுவார், வாசகத்தைப் பார்த்து அதிகாரி கொட்டாவி விடுவார். முடிவு அரசியல்ரீதியாக எடுக்கப்படும் என்றால் நகல் கடிதம் உதவும். வரைபடத்தில் ஏதாவது மாற வேண்டும் என்றால், தன் கண்ணால் பார்த்ததைத் தன் வார்த்தையில் எழுதிய ஒரே தாள் போதும். 'மழை நின்று இரண்டு மணி நேரம் கழித்தும் ஏழாம் எண் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர்' என்று ஒருவர் எழுதினால் பொறியாளர் தாண்டிப் போக முடியாது. அதைப் போய்ப் பார்த்தாக வேண்டும்.

சட்டப்புள்ளி எழுதியது:

'இன்னும் முடிவாகாத நேரத்தில் கேட்க வேண்டும்' என்பது நல்லெண்ணம் மட்டும் இல்லை, சில நாடுகளில் அது சட்டம்.

1985ல் லண்டனின் பிரெண்ட் பகுதி மன்றத்துக்கு எதிராக ஒரு வழக்கு நடந்தது. பள்ளிகளை மூடுவது, இணைப்பது பற்றிய விவகாரம். அதில் வழக்கறிஞர் ஸ்டீபன் செட்லி முன்வைத்த நான்கு நிபந்தனைகளை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கன்னிங் கோட்பாடுகள் என்று இன்றுவரை அதைத்தான் சொல்கிறார்கள். திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். கேட்கப்படுபவர் யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களையும் விவரங்களையும் கொடுக்க வேண்டும். போதுமான அவகாசம் வேண்டும். வந்த கருத்தை முடிவெடுக்கும்போது மனச்சாட்சியோடு கணக்கில் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். எழுதினால் ஒரு தபால் அட்டையில் அடங்கும்.

2014ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதே நான்கையும் உறுதி செய்தது. அந்த வழக்கு ஹாரிங்கே மன்றத்தைப் பற்றியது. மத்திய அரசு நிதியைக் குறைத்ததால், வருமானம் குறைந்தவர்களுக்கு உள்ளாட்சி வரியில் கிடைத்துவந்த உதவியையும் குறைக்கப்போவதாக மன்றம் மக்களிடம் கருத்துக் கேட்டது. வேறு வழியே இல்லை என்ற தொனியில் கேட்டது. உண்மையில் வழிகள் இருந்தன. வரியை உயர்த்தலாம், கையிருப்பில் கை வைக்கலாம், வேறு சேவையில் குறைக்கலாம். அவற்றை ஏன் விட்டுவிட்டோம் என்று மக்களிடம் சொல்லாததால் அந்தக் கருத்துக் கேட்பே சட்டவிரோதம் என்றது நீதிமன்றம்.

நடைபாதை, உங்கள் 14 கேள்விகளுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை தெரிகிறதா? நிராகரித்த வழிகளை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கேட்பது. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் வேறாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பழையகோப்பு எழுதியது:

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையும் சொல்லுங்கள் சட்டப்புள்ளி. சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள். மறுபடி கருத்துக் கேள் என்று உத்தரவு போட்டார்களா?

சட்டப்புள்ளி எழுதியது:

போடவில்லை. அந்த நேரத்தில் அது தேவைக்கு மீறியதாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன், அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து வந்தவர்களுக்குக் கிடைத்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் 'பரிசீலித்து விட்டுவிட்ட வழிகள்' என்று ஒரு பகுதியைச் சேர்க்காமல் விட யோசிக்கிறார்கள்.

இரவுப்பணி எழுதியது:

நீங்கள் எல்லாம் கூட்டத்துக்குப் போனவர்கள், அதனால் பதில் வரவில்லை என்ற கவலை. என் கவலை அதற்கு ஒரு படி முன்னால்.

எங்கள் பகுதியில் எல்லாக் கருத்துக் கேட்புக் கூட்டமும் மாலை 5 மணிக்கு. எனக்கு 6 மணிக்கு வேலை தொடங்குகிறது. பகலில் தூங்குகிறவன். ஆறு வருடத்தில் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போனதில்லை. என் மனைவி ஒருமுறை கைக்குழந்தையோடு போனாள். குழந்தை அழுதது, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், எழுந்து வந்துவிட்டாள். தெருவிளக்கு பற்றிய கூட்டம் அது! இரவில் அந்தத் தெருவில் நடந்து போகிறவன் நான். பேசியவர்கள் எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள்.

கதவிலக்கம்7 எழுதியது:

வண்டி நிறுத்த இடத்தைக் குறைக்கிறார்களே, அதைப் பற்றி யாருமே பேசவில்லையே? மரத்தடியிலா வண்டியைக் கட்டிப்போடுவது?

நெறியாளர் குறிப்பு:

வண்டி நிறுத்தம் பற்றிய 11 பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. இங்கே கருத்துக் கேட்பு முறை பற்றி மட்டும் பேசுவோம்.

தராசு எழுதியது:

இரவுப்பணி சொன்னதுதான் இந்த இழையின் முக்கியமான பதிவு என்று நினைக்கிறேன். அதை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 97 ஊர்களின் திட்டக் குழுக் கூட்டக் குறிப்புகளை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்து, பேசியவர் யார், என்ன பேசினார் என்று வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். புது வீடுகள் கட்டுவது பற்றிய கூட்டங்கள் அவை. பேசியவர்களில் ஆண்கள், வயதானவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், நெடுநாள் குடியிருப்பவர்கள் ஆகியோரின் பங்கு ஊர் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம். 60 சதவீதத்துக்கும் மேலானோர் எதிர்த்துப் பேசினார்கள், ஆதரித்தவர்கள் சுமார் 15 சதவீதம். அந்த வீட்டில் நாளை குடியேறப்போகிறவர் இன்னும் அந்த ஊருக்கே வந்திருக்க மாட்டார். அவர் எப்படிக் கூட்டத்துக்கு வருவார்?

ஆகவே 'மக்கள் சொன்னதை மன்றம் செய்யவில்லை' என்று குற்றம் சொல்லும்போது எந்த மக்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நடைபாதையைக் குத்திக்காட்டவில்லை. நானும் எல்லாக் கூட்டத்துக்கும் போகிற சாதிதான். நேரம் இருக்கிறது, போகிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. சிலரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வியன்னாவில் 1990களின் பிற்பகுதியில் பொதுப் பூங்காக்களைக் கவனித்தபோது, ஒன்பது வயதுக்கு மேல் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. பையன்கள் குறையவில்லை. ஒரே பெரிய மைதானமாக இருந்ததால் அதைப் பையன்கள் பந்தோடு பிடித்துக்கொண்டார்கள். பெண் குழந்தைகள் சண்டை போடவில்லை, புகார் எழுதவில்லை, வருவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பூங்காக்களில் மைதானத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளைச் சீராக்கி, வேறு விளையாட்டுகளுக்கும் இடம் கொடுத்தார்கள். பெண் குழந்தைகள் திரும்பி வந்தார்கள். எந்தக் கேள்வித்தாளில் இது வந்திருக்கும்?

பழையகோப்பு எழுதியது:

வந்தவர்கள் சரியான ஆட்கள் இல்லை, வராதவர்கள் பேசுவதில்லை. அப்படியானால் யாரையும் கேட்காமல் அதிகாரியே முடிவெடுக்கட்டும் என்கிறீர்களா? மன்றங்கள் இந்த வாதத்தைக் கேட்டால் துள்ளிக் குதிக்கும்.

தராசு எழுதியது:

இல்லை சார். கதவைத் திறந்துவைத்து வருகிறவர்களை எண்ணுவதற்குப் பதில், குலுக்கல் போட்டு ஆட்களைக் கூப்பிடலாம் என்கிறேன். வயது, பாலினம், பகுதி, வாடகையா சொந்த வீடா என்று பார்த்து ஊரைப் போலவே ஒரு சிறு ஊரைச் சேர்ப்பது.

மெல்போர்ன் நகர மன்றம் 2014ல் இப்படி 43 பேரைக் கூட்டி, அடுத்த 10 ஆண்டு நிதித் திட்டத்தையே அவர்கள் முன்னால் வைத்தது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள், கேட்ட நிபுணர்களைக் கூப்பிட்டார்கள். அந்த 43 பேர் சொன்னதில் ஒன்று, வரியை உயர்த்துங்கள் என்பது! விலைவாசிக்கு மேலும் கொஞ்சம் ஏற்றலாம் என்றார்கள். எந்த அரசியல்வாதிக்கும் தேர்தலுக்கு முன் வாயில் வராத வார்த்தை. மொத்தக் கணக்கையும் பார்த்த பிறகு பொதுமக்கள் பேசுவது இப்படித்தான் மாறுகிறது. கேள்வித்தாளில் 'வரி ஏறட்டுமா' என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

குலுக்கலில் விழுந்தவன் எழுதியது:

இப்படி ஒரு குழுவில் நான் இருந்திருக்கிறேன். பெரிய நகரம் ஒன்றும் இல்லை. குப்பை சேகரிக்கும் முறையை மாற்றுவது பற்றி. ஐந்து சனிக்கிழமைகள்.

கடிதம் வந்தபோது ஏதோ மோசடி என்று நினைத்துக் கிழிக்கப் போனேன். முதல் நாள் ரொம்ப மோசம். ஆளாளுக்குத் தன் வீட்டு வாசல் கதை. ஒருவர் ஒரு மணி நேரம் தொட்டியின் மூடி பற்றியே பேசினார். இரண்டாம் நாள் குப்பை வண்டி ஓட்டுநர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். சந்துகளில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது என்ன நடக்கிறது என்று அவர் சொன்ன பிறகு அறையின் குரலே மாறிவிட்டது. மூடிக்காரர்கூட அமைதியாகிவிட்டார். அதுவரை நாங்கள் வீட்டிலிருந்து குப்பையைப் பார்த்தோம், அன்றைக்குத்தான் வண்டியிலிருந்து பார்த்தோம்.

கடைசியில் 11 பரிந்துரை கொடுத்தோம். ஆரம்பத்திலேயே மன்றம் ஒன்றை எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தது: ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோம், ஏற்கவில்லை, ஏன் என்று 60 நாளில் பதில். வந்தது. ஏழை ஏற்றார்கள், நான்கை மறுத்தார்கள். மறுத்த நான்கில் மூன்றுக்குச் சொன்ன காரணம் நியாயம். ஒன்றுக்குச் சொன்ன காரணம் கணக்குத் தவறு, நாங்கள் திருப்பி எழுதினோம், அதையும் ஒத்துக்கொண்டார்கள், ஆனாலும் செய்யவில்லை. போகட்டும்.

ஒன்று கவனித்தேன். மறுத்த நான்கைப் பற்றி எங்களில் யாருக்கும் இன்றைக்குக் கோபம் இல்லை. ஏன் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா. அதற்கு முன்னால் நான் எழுதிப்போட்ட எத்தனையோ புகார்கள் ஏற்கப்பட்டனவா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. அவற்றின் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

சட்டப்புள்ளி எழுதியது:

அந்த 'எழுத்தில் பதில்' என்பதை நிரந்தரமாக்கியவர்களும் உண்டு. பெல்ஜியத்தில் ஜெர்மன் மொழி பேசும் சிறு பகுதியில் 2019 முதல் 24 பேர் கொண்ட குடிமக்கள் மன்றம் நிரந்தரமாக இயங்குகிறது. எல்லாரும் குலுக்கலில் வந்தவர்கள். எதைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். அதற்காகக் கூட்டப்படும் குழுக்கள் தரும் பரிந்துரையை அந்தப் பகுதியின் நாடாளுமன்றம் ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

பழையகோப்பு எழுதியது:

காரணம் சொல்லுங்கள், காரணம் சொல்லுங்கள் என்கிறீர்கள். காரணம் சொல்லிவிட்டு மறுப்பது எளிது. பணத்தைக் கையில் கொடுத்தார்களா? அதுதான் என் அளவுகோல்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989ல் கொடுத்தார்கள். நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தத் தெருவுக்குச் சாலை, எங்கே கழிவுநீர்க் குழாய் என்பதைக் கூட்டம் போட்டு மக்களே வரிசைப்படுத்தினார்கள். வசதி குறைந்த பகுதிக்குப் புள்ளி அதிகம் என்று விதி. ஆகவே கூட்டத்தில் சத்தம் போட்டவர் மட்டும் வாங்கிக்கொண்டு போக முடியவில்லை. உலக வங்கியின் கணக்குப்படி 1988ல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997ல் 98 சதவீதமாயிற்று. கேரளத்தில் 1996ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்திலும் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளின் கைக்குப் போனது. கிராம சபையில் உட்கார்ந்து பேசியதற்குப் பின்னால் காசு இருந்தது. காசு இல்லாமல் கருத்து மட்டும் கேட்பது, பசித்தவனிடம் சமையல் குறிப்பு கேட்பது.

மேசைக்குப்பின்னால் எழுதியது:

அருமையான உதாரணம் சார், அதனாலேயே கடைசி அத்தியாயத்தையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். சட்டப்புள்ளியிடம் நீங்கள் கேட்டதை நான் உங்களிடம் கேட்கிறேன். போர்ட்டோ அலெக்ரேயில் 2017ல் என்ன ஆயிற்று?

பழையகோப்பு எழுதியது:

நிறுத்திவைத்தார்கள். ஆட்சி மாறியது, கஜானாவும் சுருங்கிவிட்டது. அதற்கு முன்னாலேயே முடிவான வேலைகள் தள்ளிப்போக ஆரம்பித்திருந்தன. சரி, உங்களுக்கு ஒரு புள்ளி.

மேசைக்குப்பின்னால் எழுதியது:

புள்ளி வேண்டாம் சார். கொடுத்த வாக்கை அந்தந்த வருடம் முடித்துக் காட்டும்வரை ஆட்கள் வந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எந்த முறையாக இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார் என்பதைப் போன கூட்டத்தின் முடிவுதான் தீர்மானிக்கும். எங்கள் அலுவலகத்தில் 'மக்களுக்கு ஆர்வம் இல்லை' என்று அடிக்கடி சொல்வார்கள். முதல் கேள்வித்தாளுக்கு ஆயிரம் பதில் வந்த அதே பகுதியில் மூன்றாவதற்கு நூறு வரும். ஆர்வம் போய்விட்டது என்று எழுதுவோம். நடுவில் நாங்கள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை என்று எழுத மாட்டோம்.

தராசு எழுதியது:

சண்டையைக் குறைக்கும் சின்ன உபாயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்துக்கு 2010ல் ஒரு இணையதளம் வந்தது. மக்கள் யோசனை போடலாம். ஆதரவு வாதம் ஒரு பக்கம், எதிர் வாதம் மறுபக்கம். ஒருவர் சொன்னதற்கு நேரடியாகப் பதில் எழுத வழியே இல்லை, எதிர்ப்பு இருந்தால் மறுபக்கத்தில் நல்லதாக ஒரு வாதம் வைக்க வேண்டும். ஆளைத் திட்ட இடமே கிடையாது. (இந்த இழைக்கு அப்படி இருந்திருந்தால் நமக்குப் பொழுது போயிருக்காது.)

நடைபாதை எழுதியது:

எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். மேசைக்குப்பின்னால் சார், ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதினால் எப்படி எழுத வேண்டும்? உள்ளே இருந்தவர் என்ற முறையில் சொல்லுங்கள்.

மேசைக்குப்பின்னால் எழுதியது:

எழுதுவதற்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு. கேள்வித்தாளில் கடைசியாக ஒரு எண் இருக்கும், யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு, 'இதில் எதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை?' என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில் கொஞ்சம் திணறுவார்கள். திணறலிலேயே பாதி பதில் தெரிந்துவிடும். முடிவான விஷயத்தில் உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள், அல்லது அது முடிவானதே தவறு என்றால் அதை மட்டும் தனிக் கடிதமாக உறுப்பினருக்கு எழுதுங்கள், கேள்வித்தாளில் கலக்க வேண்டாம்.

ஒரு பத்தியில் ஒரு விஷயம். நாங்கள் வாக்கியமாக உடைப்போம் என்றேன் அல்லவா, நீங்களே உடைத்துக் கொடுத்துவிடுங்கள். இடம், நேரம், கண்ணால் பார்த்தது, என்ன செய்தால் சரியாகும். 'பொதுமக்கள் அவதிப்படுகிறார்கள்' என்ற வாக்கியத்தை நான் பல்லாயிரம் முறை படித்திருக்கிறேன், ஒருமுறைகூட அதை வைத்து எதுவும் மாற்ற முடிந்ததில்லை.

கேள்வியில் இல்லாததைக் கடைசிக் காலி இடத்தில் எழுதுங்கள். 'இந்தத் திட்டமே வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, என் பதில் இது' என்று. அது 'மற்றவை'க்குத்தான் போகும். ஆனால் ஐம்பது பேர் எழுதினால் அதற்குத் தனித் தலைப்பு போட்டே ஆக வேண்டும், எனக்கு வேறு வழியில்லை.

கடைசியாக, அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மன்றக் கூட்டத்தில் வைத்த ஆவணம் அது, பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த அறிக்கையை எழுதுகிறவர் கொஞ்சம் கவனமாக எழுதுவார். இதை அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை இருந்தார். ஒவ்வொரு அறிக்கையிலும் 'மற்றவை' பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்குவார். அவருக்குப் பயந்தே அதை ஒழுங்காகத் தொகுத்தோம்.

நடைபாதை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அறிக்கையைக் கேட்டேன். முதலில் இணையதளத்தில் இருக்கிறது என்றார்கள், இருந்தது, ஐந்தாவது பக்கத்துக்குள் போய்த் தேட வேண்டியிருந்தது. 62 பக்கம். உட்கார்ந்து படித்தேன். என் இரண்டு பக்கமும் நான்கு இடத்தில் சிதறிக் கிடந்தது. 'ஏன் திட்டமே வேண்டுமா என்று கேட்கவில்லை' என்ற பகுதி 'மற்றவை'யில், அரை வரியாக: 'கேள்வித்தாளின் அமைப்பு குறித்துச் சிலர் கருத்துத் தெரிவித்தனர்.' மரம் பற்றி எழுதியதைக் காணவே காணோம்.

ஆனால் அந்தத் தெருமுனை. சக்கர நாற்காலி ஏறாது என்று ஒட்டுச்சீட்டில் எழுதினோம் அல்லவா. திருத்திய வரைபடத்தில் அங்கே சரிவு வந்திருக்கிறது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'கூட்டத்தில் தெரிவிக்கப்பட்ட கருத்தின்படி' என்று ஒரு குறிப்பு. எட்டு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தச் சீட்டை எழுதியது நான் இல்லை, பக்கத்தில் நின்ற ஒரு பையன். அவனைத் தேடிப்பிடித்துப் படத்தைக் காட்டினேன். 'அட, படிச்சிருக்காங்க' என்றான்.

தண்ணீர் தேங்குவது பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைத் தனிக் கடிதமாக, மழை நின்ற நேரத்தோடு, கணுக்கால் அளவோடு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம், இரண்டாம் கட்டத்துக்கும் கருத்துக் கேட்கிறார்கள். இந்தமுறை தெருவிளக்கும் சேர்த்து. கூட்டம் அடுத்த வியாழன்.

இரவுப்பணி எழுதியது:

எத்தனை மணிக்கு?

நடைபாதை எழுதியது:

மாலை 5.

இரவுப்பணி எழுதியது:

சரி. எந்தக் கம்பம் எரியவில்லை என்று எழுதித் தருகிறேன். ஒட்டிவிடுங்கள்.